சேகரிப்பே படைப்பாக: ஏ.கே. செட்டியாரின் பல்துறைப் பணியும் ‘மகாத்மா காந்தி’ ஆவணப்படமும்

ஆய்வுச் சுருக்கம்

ஏ.கே. செட்டியார் (1911–1983) தமிழில் பயண இலக்கிய முன்னோடியாகவும், காந்தியடிகளைப் பற்றிய முழுநீள ஆவணப்படத்தை எடுத்தவராகவும், ‘குமரி மலர்’ இதழின் ஆசிரியராகவும் தனித்தனியே அறியப்படுகிறார். இம்மூன்று பணிகளும் ஒரே செயல்முறையின் வெவ்வேறு வடிவங்கள் என்பதையும், 1940இல் வெளிவந்த அவரது படம் நிறுவனப் பின்புலம் இன்றி உருவானதே அதன் தனித்தன்மைக்கும் பின்னர் நேர்ந்த இழப்புக்கும் காரணமாயிற்று என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஏ.கே. செட்டியார், ஆவணப்படம், தொகுப்புப்படம், குமரி மலர், பயண இலக்கியம், சுயாதீனத் திரைப்படம், ஆவணக் காப்பு.

முன்னுரை

தமிழ்த் திரைப்பட வரலாறு பெரும்பாலும் கதைப்படங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. படப்பிடிப்பு நிலையங்கள், நடிகர்கள், பாடல்கள், வசூல் என்னும் நான்கு தூண்களின்மேல் எழுப்பப்பட்ட அவ்வரலாற்றில் ஆவணப்படத்துக்கு ஒரு திண்ணை அளவு இடமே கிடைத்திருக்கிறது. அத்திண்ணையில் முதலில் அமரவேண்டியவர் ஏ.கே. செட்டியார். ஆயினும் திரைப்பட வரலாற்று நூல்களில் அவர் ஓரிரு பத்திகளோடு நின்றுவிடுகிறார். இலக்கிய வரலாற்று நூல்களோ அவரைப் பயணநூலாசிரியர் என்ற தலைப்பின்கீழ் நிறுத்தி, படம் எடுத்ததை ஒரு துணைச்செய்தியாகக் கூறிச் செல்கின்றன. இதழியல் வரலாறு அவரைப் பழைய செய்திகளை மறுபதிப்பிட்ட பத்திராதிபராக மட்டும் காண்கிறது.

ஒருவர் பல துறைகளில் இயங்கும்போது ஒவ்வொரு துறையும் அவரைத் தன் எல்லைக்குள் வரும் அளவுக்கே அளந்துகொள்வது இயல்பு. செட்டியாரைப் பொறுத்தவரை இவ்வாறு பகுத்ததால் ஒரு முக்கியமான வினா எழாமலே போய்விட்டது. இருபத்தாறு வயது நிறைவதற்கு முன் உலகில் எவரும் அதுவரை செய்திராத ஒரு படத்தை எடுக்க முனைந்து, மூன்று ஆண்டுகளில் அதை முடித்தும் காட்டிய ஒருவர், அடுத்த நாற்பது ஆண்டுகளைச் சிறு இதழொன்றுக்கு அளித்தது ஏன்? இதனைத் திரைத்துறையிலிருந்து விலகியதாகக் கொள்வதா, வேறு ஊடகத்தில் அதே பணியைத் தொடர்ந்ததாகக் கொள்வதா? இரண்டாவதே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

கோட்டையூரும் இரங்கூனும்

அ. கருப்பன் செட்டியார் என்னும் ஏ.கே. செட்டியார் 1911 நவம்பரில் செட்டிநாட்டின் கோட்டையூரில் பிறந்தவர். திருவண்ணாமலையில் கல்வி பயின்றவர். கோட்டையூர் என்றதும் கல்விக்கு வாரி வழங்கிய வள்ளல் அழகப்பச் செட்டியாரின் பெயர் பலருக்கு நினைவுக்கு வரும். நூலன்பர்களுக்கு நினைவில் எழும் பெயர் ரோஜா முத்தையா செட்டியார். அச்சிட்ட தாள் எதுவாயினும் திரட்டிச் சேர்த்த அப்பெருமகனின் தொகுப்புத்தான், அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னைக்கு வந்து, இன்று ஆய்வாளர்களின் புகலிடமாக விளங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயிற்று. ஒரே ஊர் இரண்டு பெருஞ்சேகரிப்பாளர்களைத் தந்தது தற்செயலாகவே இருக்கலாம். எனினும் கணக்கேடு, கொடுக்கல் வாங்கல் சீட்டு, திருமண இசைகுடிமானம் என எழுதப்பட்டவை அனைத்தையும் பேணிக்காக்கும் பழக்கம் வேரூன்றிய ஒரு சமூகத்திலிருந்தே இருவரும் வந்தனர் என்பதைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

இளமையிலேயே எழுதத் தொடங்கிய செட்டியாரின் கதை ‘ஆனந்த விகட’னில் வெளிவந்தது. பின்னர் பர்மாவுக்குச் சென்று, அங்கிருந்த நகரத்தார்களுக்காக நடத்தப்பட்ட ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியரானார். அந்தக் காலத்தையும் இடத்தையும் சற்று விரித்துரைப்பது தகும். 1930களின் பொருளாதார மந்தத்தால் நெல்விலை சரிந்து, கடன் வாங்கிய பர்மிய உழவர்களின் நிலங்கள் கடன் கொடுத்தோர் கைக்கு மாறின. கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் விளையும் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த நகரத்தார் நிலவுடைமை, அப்பத்தாண்டின் இறுதிக்குள் 25 விழுக்காட்டை எட்டியது. நிலம் சேரச்சேரப் பகையும் சேர்ந்தது. 1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து நிர்வாக அளவில் பிரிக்கப்பட்டது. அத்தகைய சூழலில் இரங்கூனில் இதழ் நடத்திய இளைஞர், கடல்கடந்த தமிழரின் வாழ்வு எத்துணை நிலையற்றது என்பதைக் கண்முன் கண்டிருப்பார். பிற்காலத்தில் மலேயா, தென்னாப்பிரிக்கா, கரிபியன் தீவுகள் என எங்குச் சென்றாலும் அங்குள்ள தமிழர் எவ்வாறு வாழ்கின்றனர் என்று தேடிச்சென்று காண்பதை அவர் வழக்கமாகக் கொண்டிருந்ததன் தொடக்கம் இங்குதான் இருக்கவேண்டும்.

அக்காலத்தில் திரைத்துறைக்குள் புகுந்த செட்டிநாட்டவருக்கு வேறொரு வழியும் இருந்தது. காரைக்குடியின் ஏ.வி. மெய்யப்பன் இசைத்தட்டு வணிகத்தில் தொடங்கி, படத்தயாரிப்புக்குச் சென்று, 1945இல் ஏவிஎம் நிறுவனத்தை உருவாக்கினார். மூலதனம், படப்பிடிப்பு நிலையம், விநியோகம் ஆகியவை ஒன்றிணைந்த வழி அது. ஏ.கே. செட்டியாரின் வழி இதற்கு நேர்மாறானது. அவரிடம் நிலையமும் இல்லை, நடிகரும் இல்லை. படத்தின் நாயகரோ திரைப்படத்தையே விரும்பாதவர்.

டோக்கியோ, நியூயார்க், நடுக்கடல்

1930களின் நடுவில் செட்டியார் டோக்கியோ சென்று நிழற்படக்கலை கற்றார். ‘ஜப்பான்’ என்னும் பயணநூல் அப்பயணத்தின் விளைவு. பின்பு 1937இல் நியூயார்க்கில் இக்கலையில் மேற்பயிற்சி பெற்றார். அக்கால அமெரிக்கச் சூழல் ஆவணப்படத்துக்கு ஏற்றதாக இருந்தது. ‘மார்ச் ஆஃப் டைம்’ என்னும் செய்திப்படத் தொடர் 1935 முதல் திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்தது. உழவர் வாழ்வின் சிதைவைக் காட்டிய பேர் லோரென்ட்சின் படம் 1936இல் அரசின் ஆதரவுடன் வெளிவந்திருந்தது. பிரித்தானியாவில் ஜான் கிரியர்சனும் அவரது குழுவினரும் அரசுத் துறைகளின் துணையோடு ஆவணப்படத்தை ஓர் இயக்கமாகவே வளர்த்துக்கொண்டிருந்தனர். செட்டியார் இவற்றுள் எவற்றைப் பார்த்தார், எவற்றால் தூண்டப்பட்டார் என்று ஊகிப்பதைக் காட்டிலும், இவை யாவும் ஏதேனும் ஒரு நிறுவனத்தின் பணத்தால் உருவானவை என்பதைச் சுட்டுவதே பயனுடையது.

1937 அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிச் சென்ற ‘சமாரியா’ என்னும் கப்பலில் இருக்கையில், காந்தியடிகளைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. அன்று காந்தியடிகளின் பிறந்தநாள். இச்செய்தியை அவரே பதிவுசெய்துள்ளார். இத்தகைய தொடக்கக் கதைகளை ஆய்வாளர் ஐயத்தோடு நோக்குவது முறையே. நினைவு எப்போதும் நாட்களைப் பொருத்தமாக அடுக்கிக்கொள்ளும். ஆனால் செட்டியாரின் எழுத்தைப் பயின்றோர், தம்மை மிகைப்படுத்திக் கூறும் இயல்பு அவரிடம் காணப்படாததை அறிவர். கப்பல், நாள், திசை ஆகியவற்றைக் கூறிவிட்டு அடுத்த செய்திக்குச் செல்லும் அவரது முறையே அக்கூற்றுக்குச் சான்றாகிறது.

நாயகர் திரைப்படத்தை விரும்பாதவர் என மேலே கூறியதற்கு விளக்கம் தேவை. 1927–28இல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் அமைந்த இந்தியத் திரைப்பட விசாரணைக் குழு காந்தியடிகளுக்கும் வினாப்பட்டியல் அனுப்பியது. தாம் திரைப்படமே பார்த்ததில்லை என்றும், அதனால் விளையும் தீமை கண்கூடு என்றும் கூறி, வினாக்களுக்கு விடையளிக்க அவர் மறுத்துவிட்டார். தம் உறவினரான கனு காந்தி நிழற்படம் எடுக்க விரும்பியபோதும், மின்னொளி பாய்ச்சக்கூடாது, நிற்கவோ திரும்பவோ சொல்லக்கூடாது, ஆசிரமம் பணம் தராது என்னும் நிபந்தனைகளோடுதான் இசைந்தார். ஆக, காந்தியடிகளை வைத்துப் ‘படம் எடுப்பது’ என்பது நடைமுறையில் இயலாதது. பிறர் எடுத்து வைத்திருப்பதைத் தேடிப் பெறுவதே இயலக்கூடியது. செட்டியாரின் படம் ஒரு தொகுப்புப்படமாக அமைந்ததற்கு அழகியல் காரணத்தைத் தேடவேண்டியதில்லை. அவர்முன் திறந்திருந்த வழி அது ஒன்றே.

ஐம்பதாயிரம் அடி

உலகின் பல நாடுகளில், ஏறத்தாழ முப்பதாண்டுக் காலத்தில், நூறு அளவிலான ஒளிப்பதிவாளர்கள் எடுத்தவற்றிலிருந்து சுமார் 50,000 அடிப் படச்சுருளைச் செட்டியார் திரட்டினார். இதற்காக 1937க்கும் 1940க்கும் இடையே அவர் கடந்த தொலைவு ஏறத்தாழ ஒரு இலட்சம் மைல் எனக் கூறப்படுகிறது. திரட்டியவற்றிலிருந்து தொகுத்த படத்தின் நீளம் 12,000 அடி. ‘டாக்குமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட்’ என்னும் நிறுவனத்தின் பெயரில் படம் தயாரிக்கப்பட்டது. பாரிசில் பயிற்சி பெற்ற ஒளிப்பதிவாளர் டாக்டர் பி.வி. பதி இம்முயற்சியில் துணைநின்றார்.

இவ்வெண்களைப் பலரும் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆனால் அவை எதனை உணர்த்துகின்றன என்று நின்று பார்த்தவர் குறைவு. ஒலிப்படத்துக்குரிய வேகத்தில் 35 மி.மீ. படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 50,000 அடி என்பது ஒன்பது மணிநேரத்துக்கும் சற்று மிகுதி. 12,000 அடி என்பது ஏறத்தாழ 133 நிமிடம். அதாவது திரட்டியதில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானது படத்தில் இடம்பெற்றது. தொகுப்புப்படத்துக்கு இது மிகச் சிக்கனமான விகிதம். கதைப்படம் எடுப்பவர் ஒரு காட்சியைப் பலமுறை எடுத்துச் சிறந்ததைத் தெரிந்தெடுப்பார். பிறர் படச்சுருளை விலைகொடுத்தோ வேண்டியோ பெறுபவர் தமக்குத் தேவையானதை மட்டுமே வாங்க இயலும். வாங்கும்போதே தொகுப்பு தொடங்கிவிடுகிறது என்பதையே அவ்விகிதம் காட்டுகிறது.

அப்படச்சுருள்கள் எங்கிருந்தன? காந்தியடிகள் உலகச் செய்திப்பட நிறுவனங்களின் விருப்பத்துக்குரியவராக இருந்தார். 1930ஆம் ஆண்டின் தண்டி யாத்திரையைப் பலர் படமெடுத்தனர். அவ்வாண்டு பம்பாய் நிறுவனங்கள் சில வெளியிட்ட தண்டிப் படங்களை அரசு தடைசெய்தது. 1931இல் ஃபாக்ஸ் மூவிடோன் நிறுவனம் அவரது குரலோடு ஒரு நேர்காணலைப் பதிவுசெய்தது. அதே ஆண்டின் வட்டமேசை மாநாட்டுப் பயணத்தின்போது இலண்டனிலும் லங்காஷயர் ஆலைத்தொழிலாளர் நடுவிலும் சுவிட்சர்லாந்திலும் ஒளிப்பதிவாளர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டனர். இப்பதிவுகள் இலண்டன், பாரிஸ், நியூயார்க் நிறுவனங்களின் கிடங்குகளில் கிடந்தன. இந்தியத் தலைவர் ஒருவரின் காட்சி வரலாறு இந்தியாவுக்கு வெளியே, வணிகச் சரக்காகச் சிதறிக்கிடந்தது. அதனை ஓரிடத்தில் சேர்க்கவேண்டும் என்று, காங்கிரசும் பிற நிறுவனங்களும் முனையாத நிலையில், தனியொருவர் கிளம்பினார். செட்டியாரின் பணியை ‘சுயாதீனத் திரைப்படம்’ என்று இன்றைய சொல்லால் அழைப்பது காலமுரண்தான். ஆயினும் அச்சொல் குறிக்கும் பொருள் முழுமையாகப் பொருந்தும் வெகுசில தமிழ்ப்படங்களுள் இதுவும் ஒன்று.

செய்முறை இடர்களையும் நினைத்துப் பார்க்கவேண்டும். அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகையைச் சேர்ந்தது. கப்பலிலும் சுங்கச்சாவடியிலும் அது அபாயப் பொருள். மேலும் மௌனப்படக் காலத்தில் நொடிக்கு 16 முதல் 18 வரையிலான சட்டகங்கள் என்ற கணக்கில் எடுத்தவற்றை, 24 சட்டகங்கள் ஓடும் ஒலிப்படக் கருவியில் காட்டும்போது மனிதர்கள் துள்ளி ஓடுவதுபோல் தோன்றுவர். இக்குறையைப் போக்க, இடையிடையே சட்டகங்களை இரட்டித்து அச்சிட்டு நீட்டவேண்டும். (காந்தியடிகள் இயல்பிலேயே விரைந்து நடப்பவர். பழைய செய்திப்படங்களில் அவர் நடையைப் பார்க்கும் நாம் அந்த விரைவில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு கருவியுடையது என்று பிரித்தறிவது கடினம்.) வெவ்வேறு கருவிகள், வெவ்வேறு ஒளி, வெவ்வேறு வேகம், வெவ்வேறு தரம் கொண்ட நூறு பேரின் பதிவுகளை ஒரே வாழ்க்கை வரலாறாக இணைப்பது நெசவுக்கு ஒப்பானது. சோவியத் நாட்டில் எஸ்ஃபிர் ஷூப் 1927இல் ரோமனோவ் அரசகுலத்தின் வீழ்ச்சியைப் பழைய செய்திப்படங்களைக் கொண்டு தொகுத்தது இவ்வகைக்கு முன்னோடி. ஷூப்புக்கு ஓர் அரசின் படக்கிடங்குகள் திறந்துவிடப்பட்டன. செட்டியாருக்கு ஒவ்வொரு கிடங்கின் வாயிலிலும் தாம் யார் என்று விளக்கவேண்டியிருந்தது.

இவ்விளக்கங்களை, அதாவது யாரைச் சந்தித்தார், எவர் உதவினார், எங்கே ஏமாற்றம் அடைந்தார் என்பனவற்றை, அவர் பின்னாளில் கட்டுரைகளாக எழுதினார். அவை ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்னும் நூலாகக் கிடைக்கின்றன. தமிழில் ஒரு படம் உருவான கதையை இத்துணை விரிவாக, இத்துணைத் தன்னடக்கத்தோடு கூறும் பிறிதொரு நூலை இக்கட்டுரையாளர் கண்டதில்லை.

வெளியீடும் காலமும்

‘மகாத்மா காந்தி’ தமிழ் விளக்கவுரையுடன் 1940 ஆகஸ்ட் 23ஆம் நாள் வெளிவந்தது. டி.கே. பட்டம்மாளின் பாடலும் அதில் இடம்பெற்றது. பின்னர்த் தெலுங்கு வடிவமும் வந்தது.

இந்நாளைக் காலவரிசையில் பொருத்திப் பார்த்தால்தான் அதன் துணிவு விளங்கும். 1937 முதல் சென்னை மாகாணத்தில் ஆட்சி நடத்திய இராஜாஜியின் காங்கிரஸ் அமைச்சரவை, இந்தியாவைக் கேளாமல் போரில் இழுத்துவிட்டதை எதிர்த்து 1939 அக்டோபரில் பதவி விலகியது. அவ்வமைச்சரவைக் காலத்தில் தளர்ந்திருந்த திரைப்படத் தணிக்கை, ஆளுநர் ஆட்சியில் மீண்டும் இறுகியது. 1939இல் வெளிவந்து பெருங்கூட்டத்தை ஈர்த்த கே. சுப்பிரமணியத்தின் ‘தியாகபூமி’ பின்னர்த் தடைக்குள்ளானது. 1940 அக்டோபரில் தனிநபர் சத்தியாகிரகம் தொடங்கவிருந்தது. காங்கிரஸ் ஆட்சியில் இருந்தபோது திட்டமிடப்பட்ட படம், காங்கிரஸ் போராட்டத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது திரைக்கு வந்தது. அதன் நாயகரே அப்போராட்டத்தின் தலைவர்.

அதே 1940இல் பிரித்தானிய அரசு போர்ப் பிரச்சாரத்துக்கென இந்தியாவில் திரைப்பட ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தது. 1943இல் அரசு ஏற்பளித்த செய்திப்படங்களை ஒவ்வொரு காட்சியிலும் காட்டவேண்டும் எனத் திரையரங்குகள் கட்டாயப்படுத்தப்பட்டன. கச்சாப் படச்சுருளும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. விடுதலைக்குப் பின் 1948இல் தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷனும் இதே கட்டாயக் காட்சிமுறையைத் தொடர்ந்தது. இந்தியாவில் ‘டாக்குமெண்டரி’ என்னும் சொல் அரசுப் படம் என்ற பொருளைப் பெற்றது இவ்வாறே. 1940இன் அப்படம், அச்சொல் அரசுடைமையாவதற்கு முன் தனிமனிதர் ஒருவர் அதற்கு அளித்த பொருளைக் காட்டுவது. இந்தத் திரிபு நிகழ்ந்திராவிடின் தமிழில் ஆவணப்படம் வேறு வழியில் வளர்ந்திருக்கக்கூடும் என எண்ணத் தோன்றுகிறது. ஆனால் வரலாற்றில் ‘இருந்திருந்தால்’ என்பதற்கு எல்லையில்லை என்பதால் அதனை இங்கு நீட்டவில்லை.

விடுதலைக் காலத்தில், 1947 ஆகஸ்டில், இந்தி விளக்கத்துடன் படம் தில்லியில் காட்டப்பட்டது. 1953இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவம் வெளிவந்தது. புகழ்பெற்ற செய்தியாளர் குவென்டின் ரேனால்ட்ஸ் அதற்கு விளக்கவுரை வழங்கினார். அமெரிக்கப் பார்வையாளருக்காக மறுதொகுப்புச் செய்யப்பட்ட இவ்வடிவம் ஏறத்தாழ 80 நிமிடம் ஓடுவது.

குமரி மலர்

போர்க்காலத் தாள் தட்டுப்பாட்டின் நடுவே 1943இல் செட்டியார் ‘குமரி மலர்’ இதழைத் தொடங்கினார். 1983 செப்டம்பரில் மறையும்வரை அதனை நடத்தினார். பழைய இதழ்களிலும் நூல்களிலும் புதைந்துகிடந்த கட்டுரைகள், கடிதங்கள், பயணக்குறிப்புகள், விளம்பரங்கள், பாரதியின் அறியப்படாத எழுத்துகள் ஆகியவற்றைத் தேடியெடுத்து வெளியிட்டதே அவ்விதழின் தனிச்சிறப்பு. ஆசிரியர் குறிப்பு இருக்குமிடத்திலும் ஓரிரு வரிகளே இருக்கும். எதை எதனருகில் வைக்கவேண்டும் என்பதில்தான் ஆசிரியரின் கருத்து வெளிப்படும்.

இம்முறை நமக்குப் புதிதன்று. பிறர் எடுத்ததைத் தேடுதல், மூலத்தைப் பெறுதல், தெரிந்தெடுத்தல், வரிசைப்படுத்தல், தம் குரலைத் தாழ்த்திக்கொள்ளல் என்னும் இவை 1937க்கும் 1940க்கும் இடையே அவர் படச்சுருளைக் கொண்டு செய்தவையே. 1968இல் அவர் தொகுத்த ‘தமிழ்நாடு’ என்னும் பயணக்கட்டுரைத் தொகுதியும் இவ்வாறானதே. பழைய எழுத்தாளர் பலர் தமிழகத்தின் ஊர்களுக்குச் சென்று எழுதியவற்றை ஒன்றுசேர்த்து ஒரு நிலத்தின் சித்திரமாக்கினார். பலரின் கண்களால் ஒரு மனிதரைக் காட்டியது படம். பலரின் கண்களால் ஒரு நாட்டைக் காட்டியது அத்தொகுதி.

அவரது சொந்தப் பயணநூல்களுக்கு இக்கருத்து பொருந்துமா என வினவலாம். ‘உலகம் சுற்றும் தமிழன்’, ‘மலேயா முதல் கனடா வரை’, ‘அமெரிக்க நாட்டிலே’, ‘கரிபியன் கடலும் கயானாவும்’, ‘குடகு’ முதலியவற்றில் அவர் நேரில் கண்டவற்றையே எழுதுகிறார். ஆயினும் அந்நடையைக் கூர்ந்து நோக்கின் சிறுசிறு வாக்கியங்களும், ஒன்றையொன்று விளக்காமல் அடுத்தடுத்து வைக்கப்பட்ட நிகழ்ச்சிகளும், இடையே சட்டெனத் தோன்றி மறையும் நகைச்சுவையும் ஒரு படத்தொகுப்பாளரின் கையை நினைவூட்டுகின்றன. விடுதியில் ஒருவர் பேசியது, புகைவண்டியில் ஒருவர் உதவியது, கடையில் ஒருவர் விலை கூறியது என ஒவ்வொன்றும் தனித்தனிக் காட்சி. உணர்ச்சியைக் கொட்டவேண்டிய இடத்தில் அவர் அடுத்த காட்சிக்குச் சென்றுவிடுவார். இதனை வறட்சி என்பாரும் உளர். தமிழ்ப் பயணநூல்கள் பலவற்றில் எழுதுபவரே ஊரை மறைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டு சலித்தவர்களுக்கு இவ்வறட்சி ஒரு நிழல்.

செட்டியார் படத்துறையை விட்டு இதழுக்கு வந்தார் என்பதில் ஒரு பொருளாதார உண்மையும் உண்டு. அதை மறைத்து, எல்லாம் உள்ளார்ந்த தொடர்ச்சியே எனக் கூறுவது மிகையாகிவிடும். 1943க்குப் பின் கச்சாப் படச்சுருள் உரிமம் இன்றிக் கிடைக்காது. ஆவணப்படத்துக்குத் திரையரங்கில் இருந்த நேரத்தை அரசு எடுத்துக்கொண்டது. தனியொருவர் தம் கைப்பொருளைக் கொண்டு நடத்தக்கூடிய ஊடகமாக எஞ்சியிருந்தது அச்சுதான். சேகரிப்பாளர் தம் தொழிலை மாற்றிக்கொள்ளவில்லை. கட்டுப்படியாகும் பொருளுக்கு மாறினார்.

எஞ்சியவை

இனி இழப்பைக் கூறவேண்டும். 1940இல் வெளிவந்த தமிழ்ப் படியும் அதன் தெலுங்குப் படியும் இன்று கிடைக்கவில்லை. பல்லாண்டுத் தேடலுக்குப் பின், அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோவில் இருந்த ஆங்கில வடிவத்தை வேங்கடாசலபதி கண்டறிந்து வெளிப்படுத்தினார். தமிழில் பிறந்த படம் ஆங்கிலத்தில் மட்டுமே உயிர்தரித்தது. அதிலும் செட்டியாரின் தெரிவும் வரிசையும் எந்த அளவுக்கு எஞ்சியுள்ளன என்பதை மூலத்தோடு ஒப்பிடாமல் அறுதியிட முடியாது. அளவை மட்டும் கணக்கிடலாம். 133 நிமிடத்துக்கும் 80 நிமிடத்துக்கும் இடையே உள்ள 53 நிமிடம், ஏறத்தாழ 4,800 அடிக்குச் சமம். ஆங்கில வடிவத்தில் 1940க்குப் பிந்தைய நிகழ்வுகளுக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருக்குமாயின், இழந்தது இன்னும் மிகுதி.

இவ்விழப்பைத் தமிழ்ச் சமூகத்தின் அலட்சியம் எனக் கூறி முடித்துவிடுவது எளிது. தென்னிந்திய மௌனப்படங்களுள் ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றே எஞ்சியது என்பதை நினைத்தால் அக்குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் இங்கே குறிப்பான காரணம் ஒன்றுண்டு. 1968இல் விட்டல்பாய் ஜாவேரி ஐந்து மணிநேரத்துக்கும் மேலாக ஓடும் காந்தி வரலாற்றுப் படத்தை வெளியிட்டபோது, காந்தி நினைவு நிதியும் பிலிம்ஸ் டிவிஷனும் அவருக்குப் பின்னால் நின்றன. படம் முடிந்த பிறகும் படச்சுருளுக்கு ஓர் இருப்பிடம் இருந்தது. செட்டியாரின் படத்துக்கு உடையவர் இருந்தார், இருப்பிடம் இல்லை. பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் அமைந்ததே 1964இல்தான். நைட்ரேட் சுருள் இருபத்துநான்கு ஆண்டுகள் சென்னையின் வெப்பத்தில் காத்திருக்காது.

தாள் காத்திருந்தது. ‘குமரி மலர்’ இதழ்கள் நூலகங்களிலும் தனியார் வீடுகளிலும் தப்பிப் பிழைத்தன. படம் அழிந்த பின்னும் அது உருவான விதத்தை நாம் அறிய முடிவது செட்டியாரின் எழுத்தால்தான். இதில் ஆய்வாளருக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. ‘மகாத்மா காந்தி’ பற்றி இன்று எழுதப்படுவன பலவும் படத்தைப் பார்த்து எழுதப்பட்டவை அல்ல. படம் எடுத்தவரின் உரைநடையைப் படித்து எழுதப்பட்டவை. இக்கட்டுரையும் அவ்வாறானதே. அவ்வுரைநடையின் நேர்மையில் ஐயமில்லை. ஆயினும் நினைவுக்கட்டுரை என்பது எடுத்த கதையைச் சொல்லுமேயன்றி, திரையில் தோன்றியதைக் காட்டாது. காந்தியடிகளுக்கு முன்னும் பின்னும் எக்காட்சிகள் வந்தன, தமிழ் விளக்கவுரை எந்நடையில் ஒலித்தது, இறுதிக்காட்சி எது என்னும் எளிய வினாக்களுக்குக்கூட அதிலிருந்து முழுமையான விடை பெற இயலாது.

அவ்விடைகளுக்குப் பிற சான்றுகளை நாடவேண்டும். 1940 ஆகஸ்டு, செப்டம்பர் மாத நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் வந்த விளம்பரங்களும் மதிப்புரைகளும், சென்னைத் தணிக்கைக் குழுவின் ஏடுகளில் வெட்டப்பட்ட அடிகளின் கணக்கும், திரையரங்க வாயிலில் விற்கப்பட்டிருக்கக்கூடிய விளக்கப் புத்தகமும் அவற்றுள் முதன்மையானவை. அக்காலத் தமிழ்ப்படங்களுக்குப் பாட்டுப் புத்தகம் அச்சிடுவது பெருவழக்கு. பாடல் இடம்பெற்ற இப்படத்துக்கும் அத்தகைய ஒன்று அச்சிடப்பட்டிருப்பின், காட்சி வரிசை அதில் இருக்க வாய்ப்புண்டு. செட்டிநாட்டு வீடுகளின் பெட்டகங்களில் திருமண அழைப்புகளோடும் கொழும்பு, இரங்கூன் கணக்கேடுகளோடும் சேர்ந்து கிடக்கும் தாள்களை எவரேனும் பிரித்துப் பார்க்கும்போது அதையும் தேடிப் பார்க்கவேண்டும்.